நான் சொல்லாத ஒரு வசனம்

என்னைக் கொல்லுவேன் என்று சொன்ன மனிதனை அப்போது நான் நேரில் பார்த்ததில்லை. அவன் கனடாவில் இருந்தான். அவனுடைய குரல் மட்டும் என் மேசைக்கு மேலே, அவனுடைய அம்மாவின் கையில் இருந்த போனிலிருந்து வந்தது. அம்மா மற்றக் கையை எனக்கு நீட்டியிருந்தார். நான் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் என்னை ஏச ஏச, அவருடைய பிரஷர் ஏறிக்கொண்டு போனது.

‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்கு மனம் வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன்.

என் டிஸ்பென்சரி இணுவிலில், காங்கேசன்துறை வீதியிலிருந்து இறங்குகிற ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது. அரசாங்க வேலையை விட்ட பிறகு தொடங்கியது. முன்னால் ஆட்கள் காத்திருக்கும் ஹோல், பக்கத்தில் மருந்து கொடுக்கிற யன்னல், உள்ளே என் அறை. அவ்வளவுதான். ஏசுகிற நோயாளிகள் எனக்குப் புதிதில்லை. வெறும் தும்மல் தடிமனுக்குச் சேலைன் ஏற்றச் சொல்லி அடம்பிடிப்பவர்கள், வரிசையில் இருப்பது தங்கள் குடும்பத்துக்கே மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள், வெறியில் வந்து கதவைக் காலால் உதைப்பவர்கள், எல்லோரையும் பார்த்தாயிற்று. எனக்கும் வாய் இருக்கிறது. “வெளியிலை போங்கோ, வெறி முறிஞ்சாப் பிறகு வாங்கோ” என்று கதவைத் திறந்து விடுவேன். போய்விடுவார்கள். பிறகு ஒரு நாள் அதே ஆள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து இருப்பார். நானும் ஒன்றும் கேட்காமல் மருந்து கொடுப்பேன்.

ஆனால் போனை எப்படி வெளியில் போகச் சொல்வது?

எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் இப்போதெல்லாம் தனியே மருந்தெடுக்க வருவதில்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளும் வாட்ஸ்அப்பில் கூடவே வருகிறார்கள். அம்மா என் முன்னால் இருப்பார், மகளோ மகனோ அங்கே விடியப்புறம் எழும்பி, சால்வையைப் போர்த்துக்கொண்டு, நித்திரைக் கண்ணோடு திரையில் இருப்பார்கள். நான் அதைத் தடுக்கவில்லை. தாயைத் தனியே விட்டுவிட்டுப் போன பிள்ளைக்கு அவருடைய இருமலை ஒருக்கால் கேட்டால் ஒரு ஆறுதல். சில பேர் அழுவார்கள். சில பேர் நான் சொல்வதை எழுதி எடுப்பார்கள். இன்னும் சில பேர் இருக்கிறார்கள். தாயிடம் நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவர்களே பதில் சொல்வார்கள். “அம்மா, எங்கை நோகுது?” என்று நான் கேட்க, நோவு என்னவோ ரொறன்ரோவில் இருக்கிற மாதிரி அங்கிருந்து மறுமொழி வரும்.

இந்த மகன் அந்தக் கடைசி வகை. அம்மா கணவனை இழந்தவர். மகன் காசு அனுப்பித் திருத்திய பெரிய வீட்டில் தனியே இருந்தார். வீட்டு ஹோலில் மகன் கமரா பூட்டியிருந்தான். அம்மா எழும்புவது, சாமி கும்பிடுவது, சாப்பிடுவது எல்லாவற்றையும் அவன் அங்கிருந்தே பார்ப்பான். அம்மாவுக்குக் கனகாலமாகச் சலரோகம். இரத்தத்தில் சீனியை இறக்கும் குளிசை எழுதிக் கொடுத்திருந்தேன். அதை நேரம் தவறாமல் போடுவார். என் நோயாளிகளில் சொல்வழி கேட்பவர் யாரென்றால் இந்த அம்மாவைத்தான் சொல்வேன். அந்தச் சொல்வழி கேட்கிற குணம்தான் அவரை விழுத்தியது.

கந்தசஷ்டி நடந்துகொண்டிருந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. ஒரு பின்னேரம் அயலில் உள்ள ஓட்டோக்காரர் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். உடம்பு வியர்த்து நனைந்திருந்தது. கூப்பிட்டால் மறுமொழி இல்லை. சீனியைப் பார்த்தேன், அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. நரம்பில் குளூக்கோஸ் ஏற்றினேன். மருந்து கொடுக்கிற பிள்ளை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் அம்மா கண்ணைத் திறந்து, “நான் எங்கை?” என்று கேட்டார்.

பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப அம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினேன். “அம்மா, என்ன சாப்பிட்டனீங்கள்?”

“ஒண்டும் இல்லை டொக்டர். சஷ்டி. தண்ணியும் இளநியும்தான்.”

“அப்ப குளிசை?”

“அது நேரத்துக்குப் போட்டனான். ஒரு நாளும் நிப்பாட்டக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. முருகன் சொன்னபடி சாப்பிடாமல் இருந்திருக்கிறார், டொக்டர் சொன்னபடி குளிசையும் போட்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் குறை வைக்கவில்லை. விரதம் பிடிக்கிறவர்கள் முதலே வந்து என்னிடம் சொன்னால் மருந்தைக் குறைத்துக் கொடுப்பேன், அல்லது பிடிக்கவே வேண்டாம் என்பேன். இவர் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன்.

மகனுக்காகத்தான் விரதமாம். அவனுடைய மனைவி பிள்ளையையும் கொண்டு பிரிந்து போய்விட்டாளாம். அவன் ஒரு அறையில் தனியே இருக்கிறானாம். அது திரும்பக் கூடி வரவேண்டுமென்று நேர்ந்து பிடித்தாராம். ஆனால் போன வருசமும் விரதத்தில் தலைசுற்றி இருந்ததால், இனிப் பிடிக்க மாட்டேன் என்று தன் தலைமேல் ஆணை என்று போனிலேயே சத்தியம் பண்ண வைத்திருக்கிறான் மகன். அதையும் மீறிப் பிடித்தால் வீட்டைப் பூட்டிவிட்டு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விடுவேன் என்றும் சொல்லியிருக்கிறான்.

“கமராவிலை பாத்திருப்பானே?” என்று கேட்டேன்.

அந்த நிலைமையிலும் அம்மாவின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டு, கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து, கையை வாய்க்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய் வருவாராம். பிறகு குசினிக்குள் கொண்டுபோய் அப்படியே நாய்க்குக் கொட்டுவாராம். மூன்று வேளையும் இதே கூத்து.

சிரிப்பு உடனே போய்விட்டது. என் கையை இறுக்கிப் பிடித்தார். “தம்பியிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர். சத்தியத்தை மீறிப்போட்டன் எண்டு தெரிஞ்சால் அவன் என்னை அந்த வீட்டிலை இருக்க விடான்.”

“நீங்களே சொல்லுங்கோ அம்மா, அதுதான் நல்லது” என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினார். “சரி, நான் சொல்ல மாட்டன்” என்றேன். இதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. நோயாளி சாத்திய கதவுக்குள் சொன்னது நோயாளிக்குச் சொந்தம். பெற்ற பிள்ளைக்கும் அதில் பங்கு கிடையாது.

அடுத்த கிழமை அம்மா போனோடு வந்தார். அன்றைக்குத்தான் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தொடக்கத்தில் சொன்னேன்.

“டொக்டர், நீங்கள் அம்மாவுக்கு என்ன மருந்து குடுத்தனீங்கள்?” என்றுதான் தொடங்கினான்.

“வழக்கமாக் குடுக்கிறதுதான்.”

“அப்ப ஏன் விழுந்தவ?”

“சீனி நல்லா இறங்கிப் போச்சு.”

“சாப்பிட்ட ஆளுக்கு எப்பிடி இறங்கும்? நான் கமராவிலை பாத்தனான். மூண்டு நேரமும் சாப்பிட்டவ. என்னட்டை வீடியோ இருக்கு.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். “அம்மாவிட்டையே கேளுங்கோ” என்றேன்.

“அம்மா, நீங்கள் சாப்பிட்டனீங்கள்தானே?”

“ஓம் தம்பி” என்றார் அம்மா.

அதோடு எனக்கு வாய் கட்டிப்போயிற்று. ‘உங்கடை அம்மா சாப்பிடேல்லை.’ இந்த ஒரு வசனம் போதும், அவன் வாயை அடைக்க. அது என் நாக்கின் நுனியில் நின்றது. நான் விழுங்கினேன். பதில் சொல்லத் தெரியாமல்தான் நான் பேசாமல் இருக்கிறேன் என்று அவன் நினைத்துவிட்டான். ‘நீங்கள்’ என்றிருந்தவன் ‘நீர்’ என்றான், பிறகு ‘நீ’ என்றான். படித்தது எந்தக் கள்ளச் சேட்டிபிக்கற்றில் என்று கேட்டான். இன்னும் கேட்டவற்றை நான் எழுதப்போவதில்லை. கடைசியில், “நான் அங்கை வரத் தேவையில்லை. அங்கை எனக்கு ஆக்கள் இருக்கினம். உன்ரை டிஸ்பென்சரி இருந்த இடம் தெரியாமல் போகும், நீயும் இருக்க மாட்டாய்” என்றான். அம்மா போனை மெல்லத் தாழ்த்தி மடியில் வைத்தார். ஆனால் நிறுத்தவில்லை. அவன் அவருடைய சேலைக்குள் இருந்தபடியே ஏசிக்கொண்டிருந்தான்.

வேறு ஊரென்றால் இதை வாய்ச்சவடால் என்று விட்டுவிடலாம். எங்கள் பக்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து, வாளால் யன்னலையும் கதவையும் வெட்டிவிட்டுப் போவதற்கு ஆள் கிடைக்கும். அதற்குச் சில வேளை வெளிநாட்டில் இருந்து காசு வருகிறது என்பது எங்கள் ஒழுங்கையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் தெரியும்.

பொலிசில் முறைப்பாடு கொடுத்தேன். அங்கே இருந்தவர் எழுதிவிட்டு, “தாயிலை உள்ள பாசத்திலை கதைச்சிருப்பார், கொஞ்சம் பொறுத்துப் போங்கோ டொக்டர்” என்றார். பொறுத்துப் போ என்கிற இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடிக்கிறவனிடம் யாரும் போய்ப் பொறுத்துப் போ என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. அது எப்போதும் அடி வாங்குகிறவருக்குத்தான் சொல்லப்படுகிறது. அதுவும் பெண் என்றால் இரண்டு தரம்.

பிறகு பேஸ்புக்கில் என் பெயர்ப்பலகையின் படம் வந்தது. மருந்தை மாற்றிக் கொடுத்து ஒரு தாயைச் சாகக் கிடத்தியவர்கள் என்று எழுதியிருந்தான். கீழே ஊர் முழுக்கக் கூடி நின்று கருத்துச் சொன்னது. கால் அழுகி, வெட்டவேண்டும் என்றிருந்த ஒருவருக்கு நாள்தோறும் புண் கட்டி, காலைக் காப்பாற்றிக் கொடுத்திருந்தேன். அவர் அந்தக் காலோடு நடந்து வந்து அங்கே ஒரு கோப முகத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

என்னை எழுதியது கூடப் பரவாயில்லை. “மருந்து கட்டிக் குடுக்கிறவளுக்கு ஏ பி சி டி தெரியுமோ?” என்று அதில் ஒரு வசனம் இருந்தது. அதுதான் என்னைச் சுட்டது.

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டும். பிள்ளை என்கிறேனே தவிர, இரண்டு குழந்தைகளின் தாய். வட்டுக்கோட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். என்னை ‘மிஸ்’ என்பாள். ஒவ்வொரு மருந்தையும் கடதாசிப் பையில் போட்டு, காலை, மத்தியானம், இரவு என்று கொட்டை எழுத்தில் எழுதி, கண் தெரியாத கிழவர்களுக்குப் பையின் மூலையை ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு என்று மடித்துக் கொடுப்பாள். போன் வந்தால் எடுப்பதும் அவள்தான். அந்தப் படம் வந்த பிறகு, தெரியாத நம்பர்களில் இருந்து வந்த தூசணம் எல்லாம் அவளுடைய காதுக்குள்தான் விழுந்தது. என்னிடம் சொல்லவில்லை. ஒரு நாள் போன் அடிக்க, எடுக்காமல் அவள் தள்ளி நின்றதைப் பார்த்துத்தான் கேட்டேன். அன்றைக்கே போனை நான் என் அறைக்கு எடுத்துக்கொண்டேன்.

அவள் இன்னொன்றும் கேட்டாள். “மிஸ், அந்த அம்மாவுக்கு நான்தான் மாத்திக் குடுத்திட்டனோ?”

“இல்லை, நீ ஒரு பிழையும் விடேல்லை.”

“அப்ப ஏன் மிஸ் அவ விழுந்தவ?”

என்னால் சொல்ல முடியவில்லை. “அது வேறை காரணம்” என்றேன். அவள் நம்பவில்லை. தன்னைக் காப்பாற்றத்தான் மிஸ் மறைக்கிறா என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பையையும் கட்டிவிட்டு, திரும்பக் கொட்டி, திரும்பக் கட்டுவாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுப்பார்கள். கைநேர்த்தியாக வேலை செய்த ஒருத்தி தன் கையையே நம்பாமல் போவதைப் பார்த்துக்கொண்டு நான் அறைக்குள் இருந்தேன். அம்மாவைத் தனியே கூப்பிட்டு, “இந்தப் பிள்ளைக்கு மட்டும் எண்டாலும் சொல்ல விடுங்கோ” என்று கேட்டேன். “ஊரிலை ஒரு ஆளுக்குச் சொன்னால் கனடாவுக்குச் சொன்ன மாதிரித்தான் டொக்டர்” என்றார். அதில் பொய் இல்லை.

ஒரு நாள் பின்னேரம் நான் போய்ச் சேர முதல் அது நடந்தது. அவள் வழக்கம்போல நேரத்தோடு வந்து திறந்திருக்கிறாள். இரண்டு மோட்டார் சைக்கிள், முகத்தை மூடியபடி ஆட்கள். நான் போனபோது மருந்து யன்னலின் கண்ணாடி முழுக்க நிலத்தில் கிடந்தது. அலுமாரி சரிந்து, குளிசைகள் எல்லாம் நிறம் நிறமாக ஹோல் முழுக்கச் சிந்தியிருந்தன. வெளியே அவளுடைய ஸ்கூட்டி வெட்டுப்பட்டு விழுந்து கிடந்தது. அவள் பின்பக்கத்துக் கக்கூசுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாள். கதவில் வாள் இறங்கிய அடையாளம். நான் கூப்பிட்டும் கனநேரம் திறக்கவில்லை. “நான்தானம்மா, மிஸ்” என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் திறந்தாள். காயம் ஒன்றும் இல்லை. ஆனால் தாழ்ப்பாளைப் பிடித்த கையை விடவில்லை.

யார் அனுப்பியது என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. அதையும் சொல்லிவிடவேண்டும்.

கணவன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். “மிஸ், உங்களிலை எனக்குக் கோவமில்லை. எனக்குப் பிள்ளையள் இருக்கு” என்றாள். போகும்போதும் அதையே கேட்டாள், “நான்தான் மாத்திக் குடுத்தனானோ மிஸ்?” என்று. அவள் போன பிறகு, நிலத்தில் குந்தியிருந்து குளிசைகளைக் கூட்டி அள்ளினேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மகன் மீது மட்டுமில்லை. வாயைத் திறக்காத அந்த அம்மா மீதும்தான். மகனின் நம்பர் என் போனில் இருந்தது. எடுத்து, பெயரை அழுத்தவும் போனேன். பிறகு போனை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன். நான் பெரிய தியாகி என்பதற்காக இல்லை. நாளைக்கு என் கதவைச் சாத்திவிட்டு யாரிடம் போய், ‘சொல்லுங்கோ, என்ன நடந்தது?’ என்று கேட்பேன்?

அடுத்த வருசம் நல்லூர்த் திருவிழா நேரம் அவன் கனடாவிலிருந்து வந்தான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு, ஒரு பை நிறையச் சொக்கிலேட்டோடு என் அறைக்குள் வந்தான். உயரத்தில் நான் நினைத்ததைவிடக் கட்டை. தலைமுடி கொட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, நித்திரை இல்லாத ஆள் மாதிரி இருந்தான். பையை மேசையில் வைத்து, “அண்டைக்கு ஒரு ரென்ஷனிலை கதைச்சுப் போட்டன் டொக்டர். ஒண்டும் நினையாதேங்கோ” என்றான். எங்கள் ஊரில் இதுதான் மன்னிப்பு. வெளிநாட்டுச் சொக்கிலேட்டை மேசையில் வைத்தால் நடந்தது நடக்காததாகிவிடவேண்டும். நாங்களும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

“என்ரை டிஸ்பென்சரியை உடைச்சது?” என்றேன்.

“ஐயோ, அது நான் இல்லை. நான் சும்மா வெருட்டினது.”

சும்மா. “நீங்கள் கொஞ்சம் வெளியிலை இருங்கோ. அம்மாவைப் பாக்கவேணும்” என்று அவனை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அம்மாவிடம் திரும்பினேன்.

“அம்மா, நான் உங்களுக்குத் தந்த சொல்லை இண்டுவரைக்கும் மீறேல்லை. இனியும் மீற மாட்டன். ஆனால் உங்கடை மகன் என்னை ஏசேக்குள்ளை நீங்கள் என்னத்துக்குப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்?”

அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு, ஒளிப்பில்லாமல் சொன்னார். “அவன் அங்கை தனியக் கிடந்து வேகுறான் டொக்டர். ஆரையாவது ஏசினால் அவனுக்குக் கொஞ்சம் ஆறும். என்னை ஏசினால் நான் தாங்க மாட்டன். நீங்கள் படிச்ச ஆள், தாங்குவியள் எண்டு நினைச்சன்.”

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முந்தியது.

“நான் தாங்குவன். அந்தப் பிள்ளை? தான்தான் மருந்தை மாத்திக் குடுத்தனான் எண்டு நினைச்சுக்கொண்டு வீட்டிலை இருக்கிறாள். உங்களுக்கு மயக்கம் தெளியுமட்டும் உங்கடை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது அவள்தான்.”

அம்மாவின் முகம் மாறியது. அவளை அவர் ஒரு நாளும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை என்று எனக்கு விளங்கியது. மகன் இருந்தான், டொக்டர் இருந்தார், முருகன் இருந்தார். மருந்து யன்னலுக்குள் இருந்தவள் அவருடைய கணக்கில் இல்லை. பிறகு கதிரையைப் பிடித்து எழும்பி, தானே போய்க் கதவைத் திறந்தார்.

“தம்பி, இஞ்சை வா” என்றார். ஹோலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கதவடியில் நின்றபடியே சொன்னார். “மருந்து பிழையில்லை. நான் சாப்பிடேல்லை. சஷ்டி பிடிச்சனான். சோத்தை நாய்க்குக் கொட்டினனான். டொக்டருக்குத் தெரியும், நான்தான் சொல்ல வேண்டாமெண்டு கேட்டனான். அந்தப் பிள்ளை ஒரு பிழையும் விடேல்லை.”

அவன் எழும்பிக் கதவடிக்கு வந்தான். ஒரு கணம், உண்மையாகவே ஒரு கணம், இவன் இப்போது தாயின் கையைப் பிடிப்பான் என்று நான் நம்பினேன். அவன் தாயைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினான்.

“அப்ப நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று கத்தினான். “தெரிஞ்சுகொண்டு என்னட்டை மறைச்சிருக்கிறியள்! என்ரை அம்மாவுக்கு ஏதும் நடந்திருந்தால்?”

“சொல்லியிருந்தால் உங்கடை அம்மா அதுக்குப் பிறகு என்னட்டை உண்மை சொல்லியிருக்க மாட்டா” என்றேன். “வெளியிலை போங்கோ. அம்மாவுக்கு வாற மாதம் நான் மருந்து குடுப்பன். நீங்கள் இனி உள்ளை வரக் கூடாது, போனிலையும் வரக் கூடாது. உந்தப் பையையும் கொண்டு போங்கோ.”

அவன் ஹோலுக்குப் போய் அங்கிருந்தவர்களுக்கு முன்னால் கையை விரித்தான். “பாத்தீங்களே, பெத்த பிள்ளையிட்டையே மறைச்சவ இந்த டொக்டர்!” என்றான். நான் கதவடியில் நின்று எல்லோருடைய முகத்தையும் பார்த்தேன். என்னிடம் வருசக்கணக்காக மருந்தெடுக்கிற முகங்கள். சில பேர் குனிந்துகொண்டார்கள். சில பேர் தலையாட்டினார்கள். “பிள்ளையிட்டை எண்டாலும் சொல்லியிருக்கலாம்தான்” என்று முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னது எனக்கு வடிவாகக் கேட்டது.

அம்மாவை நிறுத்தி, “நீங்கள் சொன்னதை அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லலாமோ?” என்று கேட்டேன். “சொல்லுங்கோ. நானும் மன்னிப்புக் கேட்டதெண்டு சொல்லுங்கோ” என்றார். மகனுக்குப் பின்னால் மெல்ல நடந்து போனார். முதியோர் இல்லத்துக்கு அவன் அவரை அனுப்பவில்லை. குசினிக்குள்ளும் ஒரு கமரா பூட்டிவிட்டுத் திரும்பிப் போனான்.

அவர்கள் வெளிக்கிட்ட உடனே, அடுத்த ஆளைக் கூப்பிட முதல், அவளுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு அழுதாள். “அப்ப நான் மாத்திக் குடுக்கேல்லை” என்றாள். “இல்லையம்மா” என்றேன். “திரும்பி வாறியோ?” என்று கேட்டேன்.

“இல்லை மிஸ்” என்றாள். “ஏலாது.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு மணியை அடித்தேன். அடுத்ததாக வந்தவர் முன்வரிசையில் இருந்த அதே பெண்மணி. கையில் இருந்த போனில் மகள் வந்திருந்தாள். “டொக்டர் கூப்பிடுறா, நான் பிறகு எடுக்கிறன்” என்று மகளிடம் சொல்லிப் போனை நிறுத்தினார். நிறுத்தியதை ஒருக்கால் பார்த்து உறுதிப்படுத்தி, கைப்பையின் அடியில் வைத்தார். எழும்பிப் போய்க் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வந்து, கதிரையை எனக்குக் கிட்ட இழுத்து இருந்தார்.

“டொக்டர், நெஞ்சிலை ஒரு கட்டி இருக்கு. கனநாளா. பிள்ளையளுக்குத் தெரியாது” என்றார்.